மண்ணுக்கு மேலே தமிழன். மண்ணுக்குக் கீழே தில்லி!

1755ஆம் ஆண்டு, ஆர்க்காட்டு நவாபுக்கு வரி திரட்டித் தருவதாகச் சொல்லிக்கொண்டு ஆங்கிலக் கும்பினிப் படையொன்று எரான் என்னும் படைத்தலைவன் கீழ் மதுரை, நெல்லைச் சீமைகளுக்குள் நுழைந்தது. மதுரையை அடுத்துள்ள கோயில்குடியில் கோயிற் கதவைத் தீயிட்டுத் திறந்து, உள்ளிருந்த படிமங்களை வாரி மூட்டை கட்டிற்று. அவ்வூர் திருமோகூரே என்பர் வரலாற்றாய்வாளர் பலர். மீட்புப் பணம் கேட்டது, கிடைக்கவில்லை. மூட்டையோடு புறப்பட்ட படை, திருச்சிராப்பள்ளிக்குத் திரும்பும் வழியில் நத்தம் கணவாயைக் கடக்க வேண்டியிருந்தது. அடர்ந்த காட்டுவழியில் வண்டிகள் சிக்கித் திணறிய வேளையில் கள்ளர் பெருமக்கள் பாய்ந்தனர். படை குலைந்தது, படிமங்கள் மீட்கப்பட்டன. எரான் பின்னர்ப் படைமன்றத்தின் முன் நிறுத்தப்பட்டுப் பதவியிழந்தான்.

எரானிடம் உரிமம் இல்லாமல் இல்லை. நவாபின் பெயர் இருந்தது. கும்பினியின் ஆணை இருந்தது. இல்லாதது ஒன்றே: அம்மண்ணில் வாழ்ந்தவர் தந்த இசைவு. எங்கோ ஓர் அரண்மனையில் எவனோ எழுதித் தந்த தாளைக் காட்டி, இங்கே வாழ்பவனின் பொருளை எடுத்துச் செல்லலாம் என்பதே கும்பினி முறை. கும்பினி போய்விட்டது, முறை போகவில்லை. அன்று கோயிலுக்குள் இருந்ததை எடுத்தனர்; இன்று நிலத்துக்குள் இருப்பதை எடுக்கின்றனர். வேறுபாடு அவ்வளவே!

கணவாய்க்குக் கிழக்கே

நத்தத்திலிருந்து கிழக்கே சென்றால் சிங்கம்புணரி. அது சிவகங்கை மாவட்டம். அதற்கும் அப்பால் இராமநாதபுரம். அவ்விரு மாவட்டங்களிலும் 1,403 சதுரக் கிலோமீட்டர்ப் பரப்பில் 20 ஆய்வுக் கிணறுகள் தோண்டுவதற்கு, எண்ணெய் இயற்கை எரிவளிக் கழகத்துக்கு 2025 மார்ச்சுத் திங்களில் சுற்றுச்சூழல் இசைவு தரப்பட்டது. திட்டச் செலவு 675 கோடி உருபா. கிணறு ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழம் இறங்கக் கூடியது. இசைவு தந்தது எது? தமிழ்நாட்டு மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம்!

செய்தி நாடறியப் பரவியது ஆகத்துத் திங்களில். உழவர் கொதித்தெழுந்தனர். உடனே மாநில அமைச்சர் தங்கம் தென்னரசு, தமிழ்நாட்டின் எப்பகுதியிலும் இத்தகைய திட்டத்துக்கு அரசு ஒருபோதும் இடந்தராது என்று அறிவித்தார். இசைவைத் திரும்பப் பெறுமாறு ஆணையத்துக்கு அறிவுறுத்தியிருப்பதாகவும் சொன்னார். அவ்வறிவிப்பு வரவேற்கத் தக்கதே. ஆயினும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. மார்ச்சுக்கும் ஆகத்துக்கும் இடையில் ஐந்து திங்கள்! கிணறு தோண்டப்படவிருந்த ஊர்களின் மக்களைக் கூட்டி, ‘உங்கள் வயலின் அடியில் துளையிடப் போகிறார்கள், உங்களுக்கு ஒப்புதலா?’ என்று எவரும் ஏன் கேட்கவில்லை?

மறந்துவிட்டார்களா? இல்லை. கேட்க வேண்டா என்று தில்லி முன்னரே எழுதி வைத்துவிட்டது. 2020 சனவரி 16ஆம் நாள் தில்லிச் சுற்றுச்சூழல் அமைச்சகம், 2006ஆம் ஆண்டு அறிவிக்கையைத் திருத்தி, கடலிலும் நிலத்திலும் எண்ணெயும் எரிவளியும் தேடும் ஆய்வுப் பணிகளை ‘பி-2’ என்னும் பிரிவுக்குத் தள்ளிற்று. அப்பிரிவில் விழுந்த திட்டத்துக்குத் தாக்க மதிப்பீட்டறிக்கையும் வேண்டா. மக்கள் கருத்துக் கேட்பும் வேண்டா. ஒரு சிறு திருத்தம். ஊர்களின் வாய்க்கெல்லாம் பூட்டு!

நத்தத்து உழவன் தன் தோட்டத்தில் ஒரு கிணறு வெட்டுவதென்றாலும் நீரோட்டம் பார்க்க ஆள் அழைப்பான். வீட்டுப் பெரியோரைக் கலந்துகொள்வான். அண்டைத் தோட்டத்துக்காரனிடம் ஒரு சொல் சொல்லி வைப்பான். நூறு அடிக் கிணற்றுக்கு இத்தனை முறைமை. ஆயிரக்கணக்கான அடி ஆழக் கிணற்றுக்கு ஒரு சொல்லும் இல்லை! முறைமையற்றவன் எவன்? படியாத உழவனா, படித்த அமைச்சகமா?

அயற்சொல் என்னும் திரை

இக்கொள்ளையின் முதற் கருவி துளைப்பொறி அன்று, அயற்சொல். முதலில் ‘மீத்தேன்’ என்றனர். பின்னர் ‘ஐதரோகார்பன்’ என்றனர். நாற்று நடும் பெண்ணின் நாவில் நுழையாத சொல், அவளைக் கேளாமலே அவள் வயலில் நுழைந்துவிட்டது.

அச்சொல்லின் பொருள்தான் என்ன? நீரகமும் கரியமும் கூடி உருவான சேர்மங்கள் அனைத்துக்கும் பொதுப்பெயர் அது. கன்னெய் அதனுள் அடங்கும். இயற்கை எரிவளி அடங்கும். நிலக்கரிப் படுகையில் அடைந்து கிடக்கும் மீத்தேன் அடங்கும். களிப்பாறைக்குள் இறுகிய வளியும் அடங்கும். முன்னர் இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி உரிமம் பெறவேண்டியிருந்தது. 2016 மார்ச்சுத் திங்களில் தில்லி அமைச்சரவை ஏற்ற புதிய கொள்கை, இவை எல்லாவற்றுக்கும் ஒரே உரிமம் போதும் என்றது. எடுத்த பொருளை விற்பதிலும் விலை வைப்பதிலும் குழுமங்களுக்குத் தாராளம் தந்தது. தோண்ட விரும்பும் இடத்தையும் குழுமமே தேர்ந்து சொல்லலாம் என்று கதவை அகலத் திறந்தது.

இதன் சூழ்ச்சியை எண்ணிப் பார்க்க வேண்டும். மீத்தேன் வேண்டா என்று காவிரிப் படுகை மக்கள் ஆண்டுக்கணக்கில் போராடினர். 2015இல் தமிழ்நாட்டு அரசு அத்திட்டத்தை அறவே மறுத்தது. அடுத்த ஆண்டே மீத்தேனையும் உள்ளடக்கிய பெரிய பெயர்ச் சாக்கு ஒன்று தில்லியில் தைக்கப்பட்டுவிட்டது! ‘மீத்தேன் எடுக்கமாட்டோம்’ என்று ஒருவர் உறுதி தந்தால், ‘பொதுப்பெயரிலுள்ள எதனையும் எடுக்கமாட்டோம்’ என்று அது பொருள்படாது. மக்கள் ஒரு பெயரை விரட்டி முடிப்பதற்குள் இன்னொரு பெயர் வாயிலில் வந்து நிற்கிறது.

தமிழில் பெயரிட்டிருந்தால் இம்மயக்கம் நேருமா? ‘உன் ஊர் நிலக்கரிப் படுகையிலுள்ள நீரை இறைத்துவிட்டு, அதிலிருந்து எழும் எரிவளியை எடுக்கும் திட்டம்’ என்று எழுதியிருந்தால், எழுத்தறியாத மூதாட்டியும் அடுத்த நொடியே கேட்டிருப்பாள்: ‘நீரை இறைத்துவிட்டால் நான் எதைக் குடிப்பது?’ அக்கேள்வி எழக்கூடாது என்பதற்காகவே அயற்சொல் காவலுக்கு நிறுத்தப்படுகிறது.

இது வெற்று ஐயமன்று, சான்றுண்டு. அதே 2020ஆம் ஆண்டு, சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு முறையையே முற்றும் மாற்றியமைக்கும் வரைவு ஒன்றைத் தில்லி அமைச்சகம் வெளியிட்டு மக்கள் கருத்தைக் கேட்டது. எம்மொழியில்? ஆங்கிலத்திலும் இந்தியிலும்! அரசமைப்பின் எட்டாம் பட்டியலில் உள்ள 22 மொழிகளிலும் அதனைப் பெயர்த்து வெளியிடுமாறு தில்லி உயர் வழக்குமன்றம் சூன் 30ஆம் நாள் ஆணையிட்டது. அரசு என்ன செய்தது? பெயர்த்துத் தருவதற்கு மாறாக, அவ்வாணையை எதிர்த்து உச்ச வழக்குமன்றத்தின் படியேறிற்று. வானத்துக்கு ஏவூர்தி விடும் ஓர் அரசுக்கு ஒரு வரைவைத் தமிழில் பெயர்க்க ஆளில்லையாம்! தன் ஊரைப் பற்றிய சட்டத்தைத் தன் தாய்மொழியில் ஒருவன் படித்துவிடக் கூடாது என்பதற்காக வழக்காடிய ஆட்சியை வேறு எந்நாட்டில் காண முடியும்?

தனித்தமிழ் என்றால் புலவர் சிலரின் சொல்விளையாட்டு என்று நகைப்போர் இதற்கு என்ன விடை வைத்திருக்கின்றனர்? தன் மொழியில் பெயர் இல்லாத ஒன்றை ஒருவன் எதிர்க்கவும் முடியாது; ஏற்கவும் முடியாது; அதன் கீழ் வாழத்தான் முடியும். மொழியைக் காப்பது சொல்லைக் காப்பது மட்டுமன்று. காலுக்குக் கீழுள்ள மண்ணைக் காப்பதுமாகும்.

நரிமணம் முதல் நெடுவாசல் வரை

காவிரிப் படுகையில் எண்ணெய் தேடும் பணி இன்று நேற்றுத் தொடங்கியதன்று. 1956இல் எண்ணெய் இயற்கை எரிவளிக் குழு அமைக்கப்பட்ட சில ஆண்டுகளிலேயே அது காவிரிக் கரைக்கு வந்துவிட்டது. 1980களில் நரிமணத்திலும் கோவில்களப்பாளிலும் எண்ணெய் கண்டனர். 1993இல் நாகையை அடுத்த பனங்குடியில் தூய்மிப்பாலை எழுந்தது. அந்நாளில் மக்கள் எதிர்க்கவில்லை என்பது உண்மையே. ‘நாட்டுக்கு நல்லது, பிள்ளைகளுக்கு வேலை’ என்று நம்பினர். நம்பியவனைக் குறைகூற முடியாது. முப்பது ஆண்டுகளில் அந்நம்பிக்கை ஏன் சினமாக மாறிற்று என்பதே கேள்வி.

2010இல் மன்னார்குடிப் பகுதியில் நிலக்கரிப் படுகை மீத்தேன் எடுக்கும் உரிமம் ஒரு தனியார் குழுமத்துக்குத் தரப்பட்டது. 2011 சனவரியில் மாநில அரசும் அக்குழுமத்தோடு புரிந்துணர்வு உடன்படிக்கையில் கையெழுத்திட்டது. இத்தொழிலின் முறை இதுதான்: நிலக்கரிப் படுகையில் வளி, நீரின் அழுத்தத்தால் அடங்கிக் கிடக்கிறது. அந்நீரை இடைவிடாது இறைத்து வெளியேற்றினால் அழுத்தம் குறையும், வளி மேலெழும். வெளியேற்றிய நீரோ பெரும்பாலும் உப்பு மிக்கது. வயலில் விட்டால் வயல் கெடும். வாய்க்காலில் விட்டால் வாய்க்கால் கெடும். கடலோரக் கழிமுகத்தில் நிலத்தடி நீரைக் குறைத்தால் அவ்விடத்தை நிரப்பக் கடல் காத்திருக்கிறது. ஆழ்துளைக் கிணற்று நீர் ஆண்டுக்கு ஆண்டு எப்படிக் கீழிறங்குகிறது என்பதை நத்தத்து உழவனுக்கு எவரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. அவனே அளந்து சொல்வான்.

இயற்கை வேளாண் அறிஞர் கோ. நம்மாழ்வார் ஊர் ஊராக நடந்து இதனை எடுத்துரைத்தார். 2013 திசம்பர் 30ஆம் நாள், மீத்தேன் எதிர்ப்புப் பரப்புரைக்கு வந்த இடத்தில், பட்டுக்கோட்டையை அடுத்த அத்திவெட்டியில் உயிர் நீத்தார். அவர் மூட்டிய தீ அணையவில்லை. 2015இல் திட்டம் மறுக்கப்பட்டதற்கு அத்தீயே கரணியம்.

2017 பெப்ருவரி 15ஆம் நாள், நாடு முழுவதும் 31 இடங்களில் சிறு எண்ணெய், எரிவளி வயல்களைக் குழுமங்களுக்குத் தரத் தில்லி அமைச்சரவை ஒப்பிற்று. புதுக்கோட்டை மாவட்டத்து நெடுவாசல் அவற்றுள் ஒன்று. மறுநாளே ஊர் திரண்டது. ஆடவரும் பெண்டிரும் மாணவரும் திங்கள்கணக்கில் அமர்ந்து எதிர்த்தனர். உரிமம் பெற்ற குழுமத்தால் அங்கே வேலையைத் தொடங்க முடியவில்லை. அதே ஆண்டு சூன் 30ஆம் நாள், தஞ்சை மாவட்டத்துக் கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் கசிந்து வயலில் எண்ணெய் தேங்கிற்று. மாவட்ட ஆட்சியர் வந்து பார்க்க வேண்டும் என்று மக்கள் அமர்ந்தனர். வந்தது தடியடி. மீத்தேன் எதிர்ப்புக் கூட்டமைப்பின் பேராசிரியர் த. செயராமன் உள்ளிட்டோர் தளையிடப்பட்டு வாரக்கணக்கில் சிறையில் கிடந்தனர். குழாய் கசிந்ததற்காக எவர் சிறைக்குச் சென்றார்? ஒருவரும் இல்லை.

சட்டம் யார் பக்கம்?

இந்திய அரசமைப்பின் ஏழாம் பட்டியலில் வேளாண்மை மாநிலத்துக்கு, நிலம் மாநிலத்துக்கு, நீரும், ஆற்றுப் பூசல்கள் நீங்கலாக, மாநிலத்துக்கு. எண்ணெய் வயல்களும் கனிம எண்ணெய் வளமும் மட்டும் நடுவண் பட்டியலின் 53ஆம் உள்ளீட்டில் தில்லிக்கு! நெல் விளையும் மேல்மண் தமிழ்நாட்டுக்குரியது; அந்நெல்லின் வேர் நின்ற இடத்துக்குக் கீழே தில்லியின் ஆட்சி. ஒரே வயலுக்கு இரண்டு ஆண்டைகள். கீழ் ஆண்டை தோண்டினால் மேல் ஆண்டையின் வயல் என்னவாகும் என்று அரசமைப்பை எழுதியோர் எண்ணினரா?

மாநிலப் பட்டியலின் 25ஆம் உள்ளீட்டில் எரிவளி என்னும் சொல் இருக்கிறதே என்று குசராத்து அரசு நம்பி 2001இல் தனிச்சட்டம் இயற்றிற்று. 2004இல் உச்ச வழக்குமன்றம் இயற்கை எரிவளி நடுவண் அரசுக்கே உரியது என்று சொல்லி அச்சட்டம் செல்லாதென்றது. ஆக, இது தமிழனின் குறை மட்டுமன்று. எம்மொழி பேசும் மக்களாயினும், தில்லிக்கு முன் தம் நிலத்தடிக்கு உரிமையற்றவரே.

எண்ணெய் வயல்களுக்கான சட்டம் 1948இல் இயற்றப்பட்டது. 2025இல் நாடாளுமன்றம் அதனைத் திருத்திற்று. பழைய சட்டத்தில், நெறிமுறைகளை மீறுவோர்க்கு ஆறு திங்கள் வரை சிறைத் தண்டனை இருந்தது. திருத்தத்தில் அச்சிறை எடுக்கப்பட்டுவிட்டது. அதற்கு மாற்றாகத் தண்டம்: 25 இலக்கம் உருபா வரை, மீறல் தொடர்ந்தால் நாளொன்றுக்கு 10 இலக்கம் வரை. பல்லாயிரங் கோடி புரட்டும் குழுமத்துக்கு இது தண்டமா, தேநீர்ச் செலவா? நெறி மீறித் தோண்டியவனுக்குச் சிறை இல்லை. தோண்டாதே என்று தெருவில் அமர்ந்தவனுக்குச் சிறை உண்டு. இதற்குத்தான் சட்டத்தின் ஆட்சி என்று பெயரிட்டிருக்கின்றனர்!

‘எரிபொருள் வேண்டாமா?’

‘நத்தத்துப் பேருந்து எதில் ஓடுகிறது? உங்கள் அடுப்பு எதில் எரிகிறது? எரிபொருள் வேண்டும், கிணறு மட்டும் வேண்டாவா?’ என்று கேட்போர் உளர். கேள்வி தவறன்று, விடை சொல்லத்தான் வேண்டும்.

இந்தியா தனக்கு வேண்டிய கன்னெய்யில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்குக்கு மேல் வெளிநாடுகளிலிருந்தே வாங்குகிறது. உள்நாட்டில் எடுக்கப்படும் சிறுபகுதியிலும் தமிழ்நாட்டு நிலத்திலிருந்து கிடைப்பது நூற்றுக்கு இரண்டு பங்குகூட இல்லை. நெற்களஞ்சியம் முழுவதையும் துளைத்தெடுத்தாலும் தில்லியின் வேட்கை தணியப் போவதில்லை. ஒரு கிணறு சில பத்தாண்டுகளில் வற்றும். கல்லணை கட்டிய நாள்தொட்டு விளைந்துவரும் வயலோ, கெடுக்காமல் விட்டால் இன்னும் ஈராயிரம் ஆண்டு விளையும். வற்றுவதற்காக வற்றாததை விற்பவன் வணிகனும் ஆகான்.

‘இடர் வராது, எல்லாம் பாதுகாப்பாக நடக்கும்’ என்பர். அசாமின் பாக்சான் ஊரிலும் அப்படித்தான் சொல்லியிருந்தனர். 2020 மே 27ஆம் நாள், நடுவண் அரசுக் குழுமமாகிய ஆயில் இந்தியாவின் கிணறொன்று அங்கே வெடித்து வளியைக் கக்கிற்று. சூன் 9ஆம் நாள் தீப்பற்றிற்று. அன்றே தீயணைப்போர் இருவர் மாண்டனர். தீயை முற்றும் அடக்க நவம்பர் ஆயிற்று. ஆயிரக்கணக்கானோர் வீடிழந்து முகாம்களில் கிடந்தனர். அருகிலிருந்த மாகுரி ஈரநிலத்து மீனும் பறவையும் மடிந்தன. எல்லாக் கிணறும் வெடிக்கும் என்பதன்று. வெடிக்கும் ஒன்று எவன் வாயிலில் வெடிக்கும் என்பதே செய்தி. அது தில்லி அமைச்சகத்தின் வாயிலில் வெடிக்காது.

அசாமியர்க்கு இது புதிதுமன்று. தம் மண்ணில் கிடைத்த எண்ணெயைத் தூய்மிக்கும் ஆலையைத் தம் நாட்டிலேயே வைக்க வேண்டும் என்று 1950களில் அவர்கள் போராடியே பெற வேண்டியிருந்தது. போராடிய பின் சிற்றாலை ஒன்று 1962இல் குவகாத்தியில் வந்தது. பேராலையோ பீகாரின் பரௌனிக்குச் சென்றது. எண்ணெய் வடகிழக்கில், ஊதியம் வேறெங்கோ!

நடுவண் அரசின் இவ்விளையாட்டு இந்தியாவுக்கே உரியதுமன்று. நெதர்லாந்து நாட்டின் வடபகுதியிலுள்ள குரோனிங்கனில் 1959இல் மிகப் பெரிய எரிவளி வயல் கண்டனர். அறுபது ஆண்டுகள் எடுத்தனர். அரசுக் கருவூலத்துக்கு ஏறத்தாழ 36,000 கோடி யூரோ சேர்ந்தது. குரோனிங்கன் மக்களுக்குச் சேர்ந்தது நிலநடுக்கம்! வளியை எடுக்க எடுக்க நிலம் தாழ்ந்தது. வீட்டுச் சுவர்கள் விரிந்தன. 2012இல் 3.6 அளவுள்ள அதிர்ச்சி வந்த பின்னரே அரசின் காது சற்றுத் திறந்தது. 2023இல் நாடாளுமன்ற ஆய்வுக் குழு, குரோனிங்கன் மக்களின் நலன் தொடர்ந்து புறக்கணிக்கப்பட்டது என்று வெளிப்படையாக எழுதிற்று. அதே ஆண்டு அக்தோபரில் வயல் மூடப்பட்டது. செல்வம் மிக்க நாடு; நிலத்தில் வாழ்வோரும் தலைநகரில் ஆள்வோரும் ஒரே மொழி பேசும் நாடு. அங்கேயே வடபுலத்து மக்களின் குரல் தலைநகரை எட்ட அறுபது ஆண்டு ஆயிற்றென்றால், தம் மொழியில் ஒரு வரைவையும் பெற வழியற்ற திருவாரூர் உழவர் குரல் தில்லியை எட்ட எத்தனை நூற்றாண்டு ஆகும்?

சென்னையின் இரட்டை நாக்கு

தில்லியை மட்டும் குறைசொல்லி முடித்துவிட்டால் அது பாதி உண்மையே ஆகும். நிலப்பகுதியில் எண்ணெய் எடுப்பதற்கான குத்தகையில், 1959ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி, 2025 வரை கையெழுத்திட்டு வந்தது மாநில அரசு. தில்லியின் முன்னிசைவு பெற்றே அதைச் செய்ய முடிந்தது என்றாலும், கை மாநிலத்தினுடையது. எடுத்த எண்ணெய்க்கான உரிமைப் பங்குத் தொகையும் மாநிலக் கருவூலத்துக்கே வருகிறது. ஆகவே, ‘எல்லாம் தில்லி செய்தது, எங்களுக்கொன்றும் தெரியாது’ என்று சென்னை கைவிரிக்க முடியாது.

2011இல் மீத்தேன் உடன்படிக்கையில் கையெழுத்திட்டது தி.மு.க. ஆட்சி. 2017இல் கதிராமங்கலத்தில் தடியெடுத்தது அ.தி.மு.க. ஆட்சி. ஒருவர் ஆட்சியில் இருக்கையில் மற்றவர் உழவராகிவிடுகின்றனர். ஆட்சி கைமாறியதும் உழவர் மீண்டும் தனித்து நிற்கின்றனர்.

2020 பெப்ருவரியில் அ.தி.மு.க. அரசு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தை இயற்றிற்று. மக்கள் போராட்டம் ஈன்ற சட்டம் அது. அதன் நன்மையை மறுக்கலாகாது. தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டங்களிலும் கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் சில ஒன்றியங்களிலும் புதிதாக எண்ணெய், எரிவளி எடுக்க அது தடை விதித்தது. ஆனால் அச்சட்டத்தில் இரண்டு ஓட்டைகள். முன்னரே நடந்துவரும் பணிகளை அது தொடாது. பழைய கிணறுகள் பழையபடியே. காவிரி பாயும் திருச்சிராப்பள்ளி, கரூர், அரியலூர் மாவட்டங்களை அது விட்டுவிட்டது. வேலி போட்டான், கடவைத் திறந்து வைத்தான்! அவ்வோட்டையின் வழியாகவே 2021இல் அரியலூரில் கிணறு தோண்ட எண்ணெய்க் கழகம் விண்ணப்பித்தது. அந்நாளில் புதிதாக ஆட்சிக்கு வந்திருந்த அரசு மறுத்துவிட்டது, நன்று. ஆனால் சட்டத்தின் வேலி சிவகங்கைக்கும் இராமநாதபுரத்துக்கும் நீளவில்லை. நீண்டிருந்தால் 2025 மார்ச்சின் இசைவு பிறந்தே இராது. திருடன் வந்தபின் விளக்கேற்றுவது ஆட்சியன்று. வருமுன் கதவடைப்பதே ஆட்சி.

அமைச்சரின் வாக்கு அமைச்சர் உள்ளவரை. அரசின் மடல் அரசு உள்ளவரை. சட்டம் ஒன்றே ஆட்சி மாறினாலும் நிற்பது. அதுவும் மக்கள் விழித்திருக்கும்வரையே நிற்பது.

நத்தம் கேட்க வேண்டுவன

நத்தத்து மாந்தோப்பிலும் புளியந்தோப்பிலும் நின்று நோக்குவோர்க்குத் திருவாரூர் தொலைவாகத் தோன்றலாம். ‘அவர்கள் ஆற்றுப் பாசனத்தார்; வானம் பார்த்து வாழும் நமக்கென்ன?’ என்று கேட்கத் தோன்றலாம். திண்டுக்கல் நகரத்தார் குடிக்கும் நீரில் காவிரி இருக்கிறது. தட்டில் விழும் சோற்றில் தஞ்சை இருக்கிறது. இன்று சிவகங்கை வரை வந்த துளைப்பொறிக்கு மாவட்ட எல்லைக்கல் ஒரு தடையாகாது.

கேட்க வேண்டுவன சிலவே. தோண்டப்படும் ஊரின் மன்றம் கூடி, தமிழில் எழுதிய முழு விளக்கத்தைப் படித்து, இசைவு தந்தாலன்றி ஒரு கிணறும் இறங்கலாகாது. 2020 சனவரியில் பறிக்கப்பட்ட கருத்துக் கேட்புரிமை திரும்ப வரவேண்டும். பாதுகாப்பு மண்டலம் திருச்சிராப்பள்ளி, கரூர், அரியலூர், சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்களுக்கும் விரிய வேண்டும். ஏற்கெனவே உள்ள கிணறுகளும் குழாய்களும் எந்நிலையில் உள்ளன என்பதை ஊரறியத் தமிழில் வெளியிட வேண்டும். இவையனைத்துக்கும் மேலாக, மேல்மண்ணுக்குரியவனே கீழ்மண்ணுக்கும் உரியவன் என்று அரசமைப்பு திருந்த வேண்டும். தமிழ்நாட்டு நிலத்தடி தமிழ்நாட்டுக்கே உரியது என்பது பேராசையன்று. தன் வீட்டுக்கு அடியில் பிறன் தோண்டலாகாது என்னும் எளிய முறைமையே.

1755இல் எரான் படை சூறையாடிய கோயில் நத்தத்தில் இல்லை. நத்தம் கணவாயிலும் இல்லை. அது மதுரைப் பக்கத்துக் கோயில். ‘வேற்றூர்ப் படிமம், போனால் போகட்டும்’ என்று கணவாயில் எவரும் வழிவிட்டு நிற்கவில்லை. தம் நாட்டுப் பொருள் தம் வழியே கொண்டு போகப்படுவதைக் கண்டனர், மறித்தனர், மீட்டனர். அவர்கள் கையில் அரசமைப்பு இல்லை, வழக்குமன்றம் இல்லை, வாக்குச்சீட்டு இல்லை. இவை மூன்றும் இன்றைய தமிழர் கையில் உள்ளன. இனி வேண்டுவது, எது நடக்கிறது என்பதைத் தம் மொழியில் அறிந்துகொள்ளும் விழிப்பும், அறிந்ததை அண்டை ஊருக்கும் எடுத்துச் சொல்லும் உறுதியும்தாம்.

நத்தம் கணவாய் இன்றும் அங்கேயே இருக்கிறது.